காய்ச்சலை ஏலம் விட்டவன்

வெடி. மறுபடியும் வெடி. ஆட்டோ நிற்கிறது.

வெள்ளி, மாலை நாலேகால். கோட்டாறில் திருவிழா. தெரு முழுக்க ஆள். கதினா வெடிக்கும்போதெல்லாம் ஆட்டோக் கண்ணாடி அதிர்கிறது. மனைவி லில்லியின் மடியில் மகள் ஜெனி. நாலு வயது. வெடி என்றால் காதைப் பொத்துகிறவள். இன்று கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"ஏலே, மாறு! மாறுங்கடே! பிள்ளைக்குச் சுகமில்ல!" ஆட்டோக்காரர் கத்துகிறார்.

முட்டத்திலிருந்து வருகிறோம். கடற்கரையில் மீன் ஏலம் விடுவது என் தொழில். தொண்டை போதும். மூளை தேவைப்பட்டதில்லை. ஒரு தரம். ரெண்டு தரம். இடையில் யாராவது கூட்டிக் கேட்டால், திரும்ப ஒரு தரம்.

ஜெனியின் காய்ச்சலையும் அப்படித்தான் எண்ணினேன். முதல் நாள். ரெண்டாம் நாள். மருந்து கொடுத்தோம், உடம்பு குளிர்ந்தது. மறுபடி கொதித்தது. நான் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

கண் சிவந்தது. "என்ன மக்கா, அப்பாவ மாதிரி தண்ணி போட்டியா?" சிரித்தாள். உதடு சிவந்து வெடித்தது. "லிப்ஸ்டிக்கா மக்கா?" சிரிக்கவில்லை. அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம்.

திங்கள், காலை பத்து. லில்லி மீன் விற்கப் போயிருந்தாள். பிள்ளையை நான்தான் பக்கத்து டாக்டரிடம் தூக்கிப் போனேன். காய்ச்சல் எத்தனை நாள் என்று கேட்டார். "ரெண்டு" என்றேன். ஏலக் குரலில். அவர்மேல் குற்றமில்லை. ரெண்டு நாள் காய்ச்சலுக்கு உள்ள மருந்தைத் தந்தார். குறையாவிட்டால் வரச் சொன்னார். குறைந்தது. ஏறியது. நான் மறுபடி ஒன்றிலிருந்து.

இன்று மதியம் விரல் நுனிகளில் தோல் உரிந்து தொங்கியது. ஓடி வந்தோம்.

கூட்டம் விலகுகிறது. ஆஸ்பத்திரி. குழந்தை டாக்டர் விரலைப் பார்க்கிறார். நாக்கைப் பார்க்கிறார். அதே கேள்வி. நான் வாயைத் திறக்கிறேன்.

"நீரு சும்மா இரும்!" லில்லி அலறுகிறாள். "பதினொண்ணு, டாக்டர். போன வாரம் செவ்வாக்கிழம தொடங்கினது. எறங்கி எறங்கி ஏறிச்சு. எல்லாம் ஒரே காய்ச்சலுதான்."

டாக்டரின் பேனா நிற்கிறது. கவாசாகி நோய் என்கிறார். ரத்தக் குழாய்கள் அழற்சியில் வீங்கும். பத்து நாளுக்குள் மருந்து ஏற்றினால் இதயம் பெரும்பாலும் தப்பும். பிந்தினாலும் ஏற்றித்தான் ஆக வேண்டும்.

ஏற்றினார்கள். பன்னிரண்டு மணி நேரம். சொட்டுச் சொட்டாக. காய்ச்சல் போனது. இதயத்தை ஸ்கேன் எடுத்தார்கள். டப். டப். அந்தச் சத்தத்துக்கு நடுவே நான் ஒரு பகடியும் சொல்லவில்லை. லில்லி என்னைப் பார்க்கவும் இல்லை.

பிள்ளை பெற்றவர்கள் கேளுங்கள். காய்ச்சல் இறங்கி ஏறினால் நாட்களை முதலிலிருந்து எண்ணாதீர்கள். காலண்டரில் குறியுங்கள்.

சேத விவரம். என் நாக்கால் போன நாள், நாலு. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் வீக்கம், ரெண்டு. ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை. எத்தனை வருடம் என்று சொல்லவில்லை. விழுந்து அடிபடக் கூடாது. அதனால் முட்டத்துப் பாறை ஒன்றிலும் ஜெனி ஏறக் கூடாது.

ஆள் சேதம் இல்லை. இன்று வரை.