இருபத்திரண்டு விநாடி மழை

—நான் சொல்றது ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம், அம்மா. ஒண்ணைக் கூட்டல, ஒண்ணைக் குறைக்கல. எது மேல கை வைக்கணும்னு சொல்லுங்க, வைக்கிறேன். அந்த வாளிப் பாட்டை நான் போட்ட அன்னைக்கு இந்த அறைக்குள்ள மழை பெஞ்சுது.

—என் லேப்டாப் மேலேர்ந்து கையை எடுங்க சார். நான் இருபத்தாறு வருஷமா கோர்ட்டில சுருக்கெழுத்து எழுதறவ. ஒரு நாளைக்கு நாலு சத்தியமாவது என் விரல் வழியாப் போகுது.

—அப்ப எழுதிக்குங்க. பதினொரு பிளாஸ்டிக் வாளி, ஒரு அலுமினிய முக்காலி. அதுல தட்டியே முழுப் பாட்டையும் வாசிச்சிருந்தான் ஒருத்தன். எங்கயோ ஒரு தீவுல பல் டாக்டர். மூணாவது தடவை போடும்போது மேஜை மேல இருந்த பேப்பர் நனைஞ்சு போச்சு.

—மேல் வீட்ல குழாய் ஒழுகியிருக்கும்.

—மேல் வீடே கிடையாது. இதுதான் கடைசி மாடி.

—அப்ப மொட்டை மாடித் தொட்டி.

—தொட்டி காலி. நானே ஏறிப் போய்ப் பார்த்தேன். குடை பிடிச்சுக்கிட்டு.

—சார், மணி மூணேகால். அஞ்சு மணிக்கு அவங்க கதவைச் சாத்திடுவாங்க. வாசல்ல நின்னே எல்லாம் சொன்னேன், நீங்க வாளிக்குப் போயிட்டீங்க.

—இன்னொரு தடவை சொல்லுங்க. உட்கார்ந்து கேட்டா எனக்கு ஞாபகம் நிக்கும்.

—தபால்காரன் ஒருத்தன் கூரை கூரையாத் தாவிப் போற பழைய வீடியோ கேம். அது வந்து முப்பது வருஷம் ஆகுதுன்னு ரசிகர்கள் சேர்ந்து ஒரு தொகுப்பு போடறாங்க. கேம்ல வர்ற இசையை அவங்கவங்க பாணியில மாத்தி வாசிச்சு அனுப்பணும். எங்க அண்ணன் மழைக் கட்டத்து இசையை எடுத்துக்கிட்டான். நாலு வருஷ வேலை. ரெண்டு தடவை அனுப்பியாச்சு. ரெண்டு தடவையும் ‘அருமை, ஆனா முடிவே இல்லையே’ன்னு திரும்பி வந்துடுச்சு. மூணு தடவைக்கு மேல வாங்க மாட்டாங்க.

—மூணாவதும் திரும்பி வந்தா?

—இனிமே இதைத் தொடறதில்லன்னு முடிவு பண்ணியாச்சு. அண்ணன் சொல்லிட்டான்.

—அண்ணன் ஏன் நேர்ல வரல?

—கப்பல்ல இன்ஜினியர். நடுக்கடல்ல இருக்கான். போன் போகாது.

—அது ஒருவிதத்துல நல்லது. பண்ணவங்க எதிர்ல உட்கார்ந்திருந்தா நான் வாயைத் திறக்க மாட்டேன். மனசு நோகக்கூடாதேன்னு பொய் சொல்ல வேண்டி வரும். எனக்குப் பொய் வராது.

—ரசிகர் குழுவுல இதைச் சொல்லித்தான் அனுப்பினாங்க.

—என்ன சொன்னாங்க?

—அந்த மழைக் கட்டத்தை மட்டும் ஆயிரத்து நூத்து நாப்பது பேர் மாத்தி வாசிச்சதை ஒருத்தர் சேர்த்து வச்சிருக்கார். வாசிச்சவங்க பேரைப் பார்த்து அடுக்கல, பாட்டு எப்படி முடியுதுன்னு பார்த்து அடுக்கியிருக்கார். போய்ப் பாருங்க. ஆனா அவர் சொல்றதுல பாதியைத்தான் எடுத்துக்கணும்.

—எந்தப் பாதின்னு சொன்னாங்களா?

—இல்ல.

—அங்கதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க. சரி, அந்த அலமாரியைத் திறங்க. மெதுவா. ஹார்ட் டிஸ்க் மேல விழுந்தா கால் விரல் போயிடும்.

—கீழ்த் தட்டுல இவ்வளவு இருக்கே. இதெல்லாம் என்ன?

—தேஞ்சு போறவங்க. முடிக்கத் தெரியாம சத்தத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுட்டுப் போறாங்களே, அவங்க. எழுநூத்துச் சொச்சம். விருந்துக்கு வந்தவன் சொல்லாமக் கொள்ளாமச் செருப்பைத் தேடற மாதிரி. நடுத் தட்டுல இருக்கறவங்க ‘டமால்’னு முடிக்கறவங்க. அதுல ஒரு பேண்டு வாத்தியக்காரங்க முடிச்ச வேகத்துல எங்க சுவர்க் கடிகாரம் நின்னு போச்சு. பக்கத்து வீட்டு நாய் மூணு வருஷமாக் குரைச்சுக்கிட்டு இருந்தது, அன்னைக்கு வேலையை விட்டுடுச்சு.

—நாய் இப்ப எங்க?

—சும்மாதான் இருக்கு. ஓய்வூதியம்.

—மேல் தட்டு காலியா இருக்கே.

—அது காலிதான்.

—ஏன்?

—அதுல வைக்கற மாதிரி ஒண்ணு வரல.

—முடிவுல அப்படி என்ன சார் இருக்கு? எல்லாரும் பாட்டைச் சேர்ப்பாங்க, நீங்க வாலைப் பிடிச்சுக்கிட்டிருக்கீங்க.

—நான் யாரு தெரியுமா? கடைத்தொகுதி ஒண்ணுல, மூணாவது தளத்துல, காசு போட்டு ஆடற மெஷின்களை ரிப்பேர் பண்ணிக்கிட்டிருந்தவன். பத்தொம்பது வருஷம். அந்தத் தபால்காரன் மெஷின் ஆறு இருந்துச்சு, வரிசையா. அந்த மழைப் பாட்டு எவ்வளவு நேரம்னு உங்களுக்குத் தெரியுமா?

—இருபத்திரண்டு விநாடி. அப்புறம் முதல்லேர்ந்து.

—ஆடறவன் அந்தக் கட்டத்துல எவ்வளவு நேரம் முழிப்பான்னு பாட்டுப் போட்டவனுக்குத் தெரியாது. அதனால அவன் முடிவே போடல. சுத்தி விட்டுட்டான். கூரையிலேர்ந்து விழுந்தா பாட்டு அறுந்து போகும். தாண்டிட்டா வேற பாட்டு வந்துடும். ராத்திரி பூட்டும்போது நான் ப்ளக்கைப் புடுங்குவேன், ஆறும் ஒரே நேரத்துல அறுந்து போகும். பத்தொம்பது வருஷத்துல அது முடிஞ்சு நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல.

—இது எந்தப் பாதி சார்?

—இது நிஜப் பாதி. கடையையே இழுத்து மூடின அப்புறம் யாரோ ஒரு பொண்ணு பியானோவுல மாத்தி வாசிச்சதைக் கம்ப்யூட்டர்ல கேட்டேன். மூணு நிமிஷம் போச்சு. அப்புறம் நின்னுச்சு. நான் கரண்டு போயிடுச்சோன்னு விளக்கைப் பார்த்தேன். அப்புறம்தான் புரிஞ்சுது, அது தானா நின்னுருக்கு. அன்னைக்கு ஆரம்பிச்ச பைத்தியம் இது.

—அந்தப் பியானோ ஏன் மேல் தட்டுல இல்ல?

—நல்லாத்தான் நின்னுச்சு. ஆனா எங்க நின்னோம்னு அதுக்கே தெரியல. அண்ணனோடதைப் போடுங்க.

—மூணு நிமிஷம் நாப்பது விநாடி. நடுவுல பேசாதீங்க.

—நான் எப்ப பேசினேன்?

—இப்ப பேசறீங்க.

—சரி.

—முடிஞ்சுது. அதாவது, முடியல.

—ம்.

—என்ன சார், ‘ம்’மோட விட்டுட்டீங்க?

—இன்னொரு தடவை போடுங்க.

—மணி நாலாகுது.

—ஆகட்டும். போடுங்க.

—கேட்டீங்களா?

—கேட்டேன். எல்லாரும் அந்த மழைக்கு ஓடறாங்க அம்மா. கேம் அப்படித்தான், ஓடலேன்னா கடிதம் நனைஞ்சிடும். உங்க அண்ணன் மட்டும் நடக்கறான். அந்த ஒத்த வயலின் எவ்வளவு பொறுமையாப் போகுது. அதுக்கு அடியில டக்டக்குனு ஒரு மழை. அவ்வளவு தூரம் போயிட்டு, கடைசியில மறுபடி முதல் கூரைக்கே ஏறிப் போய் நிக்கறான். பாவம், அவனுக்கு எங்க போறதுன்னு தெரியல.

—அதான் சார். என்ன போட்டாலும் ஒட்டமாட்டேங்குது. தேய்ச்சுப் பார்த்தா ஓடி ஒளியற மாதிரி இருக்கு. டமால்னு போட்டா அவனைப் பிடிச்சுக் கீழே தள்ளின மாதிரி இருக்கு.

—நீங்களா போட்டுப் பார்த்தீங்க?

—அண்ணன் சொன்னான்.

—அப்ப என் அலமாரியிலேர்ந்து ஒரு வாலை எடுத்துக்குங்க. யாரும் வழக்குப் போட மாட்டாங்க.

—வேண்டாம் சார். அதை ஒட்டினா அது வேற யாரோ முடிச்சதா ஆயிடும். அண்ணன் மனசுல இருந்த முடிவா இருந்தாத்தான் சரி. அது எனக்குத் தெரியாது. அஞ்சு மணிக்குள்ள தெரியப் போறதும் இல்ல.

—இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? அந்த முடிவு எனக்குத் தெரியும்.

—உங்களுக்கா?

—உங்க அண்ணன் இங்க வந்திருக்கானே.

—இந்த வீட்டுக்கா?

—நீங்க உட்கார்ந்திருக்கற அதே நாற்காலி. போன லீவுல வந்தான். கப்பல்காரன்னு சொன்னதும் எனக்கு லேசாத் தட்டுச்சு, பாட்டைக் கேட்டதும் உறுதியாயிடுச்சு. ஒருத்தனை மறக்கலாம், அவன் நடையை மறக்க முடியுமா?

—என்னைக்கு வந்தான்?

—செவ்வாய்க்கிழமை.

—காலையிலயா, சாயங்காலமா?

—பதினொண்ணேகால். பால் பொங்கி வழிஞ்ச நேரம்.

—என்ன சட்டை?

—நீலம். இடது கையில எண்ணெய்க் கறை. நாப்பது தடவை துவைச்சும் போகலன்னான்.

—கண்ணாடி போட்டிருந்தானா?

—போட்டிருந்தான். ஒரு பக்கத்துக் கம்பி ஒடைஞ்சு டேப் சுத்தியிருந்தது.

—அண்ணனேதான்.

—நான் எதுக்கு இல்லாததைச் சொல்லப் போறேன்? அந்த மழைச் சத்தத்தைக்கூட கப்பல் தகரக் கூரையில பிடிச்சதாச் சொன்னான். மூணு நாள் கொட்டுச்சாம். கேப்டன் திட்டத் திட்ட, மைக்குக்குத் தன் மழைச் சட்டையைப் போர்த்திட்டு இவன் நனைஞ்சுக்கிட்டு நின்னானாம்.

—தகரக் கூரையா?

—தகரக் கூரை.

—சரி. என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?

—சொல்லாம இருப்பானா?

—என்ன சொன்னான்?

—என்னைவிட என் தங்கச்சிக்கு நல்ல காதுன்னான். நாள் பூரா அடுத்தவன் பேசறதை எழுதியே அவளுக்குப் பழகிப் போச்சு, தன்னோடதுன்னு ஒண்ணைச் சொல்லணும்னா மட்டும் கை நின்னுடும்னான்.

—அப்படியா சொன்னான்?

—அப்படியேதான். என்ன அம்மா?

—ஒண்ணுமில்ல. தூசி. அலமாரியைத் தொடச்சு எத்தனை வருஷம் ஆச்சு சார்? முடிவு என்னன்னு சொல்லுங்க.

—அந்த இருபத்திரண்டு விநாடியில கடைசி எட்டு சுரம் என்ன பண்ணுது?

—ஏறுது. ஏறித்தான் முதல் சுரத்தைப் பிடிக்குது. அதனாலதான் சுத்திக்கிட்டே இருக்கு.

—உங்க அண்ணன் கேட்டான், முப்பது வருஷமா இந்தத் தபால்காரன் கூரை மேலயே இருக்கானே, ஒரு நாளாவது இறங்கினானான்னு. கடிதம் யாருக்கு? கூரையிலயா ஆள் குடியிருக்காங்க? கதவு கீழே இருக்கு.

—அதனால?

—அந்த எட்டையும் கவுத்துப் போடணும்னான். ஏறாம இறங்கணும். மாடிப்படி இறங்கற மாதிரி, ஒவ்வொண்ணா.

—மழை?

—மழை முதல்ல நின்னுடணும். பாட்டு நிக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே. அப்பத்தான் அவன் காலடிச் சத்தம் நமக்குக் கேக்கும். ஏழாவது படியில கொஞ்சம் தயங்கணும். எட்டாவதுல ரெண்டு காலும் சேர்ந்து தரையில நிக்கணும்.

—இருங்க.

—கீபோர்டைப் பையிலயே கொண்டு வந்திருக்கீங்களா?

—பேசாதீங்க. மழையை எங்க நிறுத்தறது? மூணு நிமிஷம் பத்து விநாடியிலயா?

—அதுக்கும் முன்னாடி. அவனுக்கே தெரியாம நிக்கணும்.

—ரெண்டு ஐம்பத்தஞ்சு. எட்டு, ஏழு, ஆறு... தயக்கம் இவ்வளவு போதுமா?

—இன்னும் கொஞ்சம். வயசாயிடுச்சில்ல அவனுக்கு.

—இப்ப கேளுங்க.

—ஒண்ணும் சொல்லாதீங்க கொஞ்ச நேரம்.

—சரி.

—நின்னுட்டான்.

—ஆமா.

—நான் ப்ளக்கைப் புடுங்கல.

—இல்ல சார். தானா நின்னுட்டான்.

—மேல் தட்டைத் தொடச்சு வைங்க அம்மா. எனக்குக் கை எட்டாது.

—அப்புறம் தொடைக்கறேன். மணி நாலு அம்பது. அனுப்பற பக்கத்தைத் திறந்துட்டேன்.

—இது என்ன கட்டம் காலியா இருக்கு?

—பண்ணவங்க பேர் போடற இடம்.

—அண்ணன் பேரைப் போடுங்க, வேற என்ன யோசனை?

—என் பேரைப் போடப் போறேன்.

—அம்மா, இது நல்லா இல்ல. நாலு வருஷம் அவன் உழைச்சிருக்கான், மழையில நனைஞ்சிருக்கான். நாளைக்குக் கப்பல் கரைக்கு வந்ததும் என்கிட்டதான் வந்து நிப்பான். நான் என்ன பதில் சொல்றது?

—வர மாட்டான் சார்.

—கோவம் வராதா அவனுக்கு? அவ்வளவு நிச்சயமா எப்படிச் சொல்றீங்க?

—எனக்கு அண்ணனே கிடையாது. எங்க வீட்ல நான் ஒரே பொண்ணு.