மைனஸ் பன்னிரண்டு கிலோ கொப்பரை

எனக்குச் சூடான டீயைவிட ஆறின டீதான் பிடிக்கும். அவசரப்படுவது என் சுபாவத்தில் இல்லை. அஃப்ரா விஷயத்தையும் நிதானமாகவே சொல்கிறேன்.

எங்கள் கம்பெனி ஆர்.எஸ்.புரத்தில். பொள்ளாச்சிக் கொப்பரை மண்டிகளுக்கு மென்பொருள் எழுதுகிறோம். அதில் ஈரத்துக்குக் கழித்து மூட்டையின் எடையைச் சொல்லும் பகுதி, பேக்கேஜ் என்போம், நான் எழுதியது. அதில் ஒரு பிழை. என் கணினியில் திருத்தினேன். மென்பொருள் அந்தப் பிரதியையே எடுத்துக்கொள்ள ஒரு லிங்க் போட்டேன். லிங்க் என்றால், பொருளை வைக்காமல், "பக்கத்து அறையில் இருக்கிறது" என்று சீட்டு ஒட்டுவது. அந்தப் பக்கத்து அறை என் கணினியில் மட்டும்தான் இருந்தது. மண்டிகளுக்கு என் கணினியிலிருந்தே பதிப்பு போனதால் அங்கே குறையில்லை.

முதலாளி ஈஸ்வரமூர்த்தி ஐயா நாலு பேர் முன்னால், "திருத்துனத எல்லாருக்கும் ஏத்தியாச்சுங்களா, தம்பி?" என்றார். "ஆச்சுங்க" என்றேன். பெரியவர் முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லை. எல்லாரும் எடுத்துக்கொள்ளும் பொதுச் சர்வரில் மத்தியானம் ஏற்றிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

மத்தியானத்துக்குள் அஃப்ரா புதிதாக வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். எடை வேலை என்னையும் அவளையும் தவிர யாருக்கும் இல்லை. அவள் கணினிக்குச் சர்வரிலிருந்து பழைய பிரதிதான் கிடைத்தது. முதல் மூட்டையே மைனஸ் பன்னிரண்டு கிலோ. "தம்பிதுரை அண்ணன் சிஸ்டத்துல சரியா வருதுங்க, என்னோடதுல வரலைங்க" என்று நேரே ஐயாவிடம் போய்ச் சொன்னாள். அதற்குப் பிறகு நான் ஏற்றினால், காலையில் சொன்ன "ஆச்சுங்க" என்னாவது? நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் அவளை நான் கைவிடவில்லை. மூன்று மாதம் கூடவே உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவச் சொன்னேன், ஒன்பது முறை. லேப்டாப்பை மாற்றினோம். மேசையை வடக்குப் பார்த்துப் போட்டோம். அப்போதும் மைனஸ் பன்னிரண்டு. "நீங்க மட்டும் இல்லீன்னா என்னண்ணா பண்ணிருப்பேன்" என்று கண் கலங்கினாள். பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன்.

அவளை வேலையில் நிரந்தரமாக்கலாமா என்று ஐயா என்னிடம்தான் கேட்டார். "நல்ல புள்ளைங்க. வேலதான் பிடிபடலைங்க" என்றேன். அன்றே அனுப்பிவிட்டார். அவள் படியிறங்கியதும் திருத்திய பேக்கேஜை எல்லாருக்குமாக ஏற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

போன வாரம் அவிநாசி ரோட்டுக் கம்பெனி ஒன்றிலிருந்து அவளைப் பற்றி விசாரித்துப் போன் வந்தது. பொய் சொல்ல எனக்கு வராது. "தங்கமான பொண்ணுங்க. கம்ப்யூட்டர் ராசிதான் இல்லீங்க" என்றேன்.