முதலில் விழ வேண்டிய லைன்

கிரைண்டர் போட்டதும் விளக்கு மங்கினால் ஜெனரேட்டர் திணறுகிறது என்று அர்த்தம். அப்போது வேறு எதையாவது நிறுத்த வேண்டும். மதினி வெங்கடேஸ்வரியிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன், சார். மறந்துவிடுவார். அதனால்தான் அந்தப் பெட்டியைச் செய்தேன்.

ராஜபாளையத்தில் எங்கள் வீடு சின்னது. கீழே சமையலறையும் என் அறையும். மாடியில் அண்ணன் சமுத்திரமும் மதினியும். அண்ணனுக்கு நுரையீரல் போய்விட்டது. மூக்கில் குழாய், கட்டிலருகே ஆக்ஸிஜன் மெஷின். கரண்ட் போனால் ஜெனரேட்டர்தான் அவனுக்கு மூச்சு. அதுவோ பழையது.

லோடு அதிகமானால் எல்லாம் சேர்ந்து நின்றுபோகும். என் பெட்டி இருந்தால் ஒரு லைன் மட்டும் விழும், மற்றவை பிழைக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய சாமான் கடையில், லைனைத் தானாகத் துண்டிக்கும் ரிலே ஒன்று வாங்கிச் செய்தேன். முடித்ததும் அண்ணனிடம் காட்ட மாடிக்குக் கொண்டுபோனேன். பக்கத்து வீட்டு நூர்பானு அக்கா அவனைப் பார்க்க வந்திருந்தார்.

“ஏலே மாரி, கோழிக்குஞ்சு பொரிக்க ஒரு பொட்டி செஞ்சியே, அம்புட்டு முட்டையும் அவிஞ்சுல்லா போச்சு.” அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் விடவில்லை. “நூர்பானு, ஒரு வாரம் எங்க வீட்ல அவிச்ச முட்டைதான்.”

“சும்மா இருங்க, பாவம்,” என்றார் மதினி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

“இவன் பொட்டி வேலை செஞ்சிட்டா, நான் எந்திரிச்சுப் போயி ஆண்டாள் தேரையே இழுக்கேன்.”

நானும் சிரித்தேன்.

எந்த லைன் முதலில் விழ வேண்டும் என்பதைப் பெட்டி செய்பவன்தான் முடிவு செய்ய வேண்டும். ஃபிரிட்ஜ் நின்றால் பால் கெட்டுவிடும். மோட்டார் நின்றால் தண்ணீர் ஏறாது. நிதானமாக யோசித்தேன். மாடி மெஷினின் பிளக்கைத் தனி லைனாகப் பிரித்தேன். அந்த அறையின் விளக்கையும் ஃபேனையும் தொடவில்லை. எட்டிப் பார்ப்பவர்கள் வீணாகப் பதற வேண்டாம். கரண்ட் இல்லையென்றால் மெஷின் கீச்சென்று கத்தும். அந்தச் சத்தம் அண்ணனுக்குப் பிடிக்காது. கத்துவதற்கென்று உள்ளே இருந்த சின்ன பேட்டரியைக் கழற்றிவிட்டேன்.

பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்திய நாள் அது. அண்ணனுக்கு இட்லி மட்டும்தான் தொண்டையில் இறங்கும். மதினி ஊறவைத்த அரிசியோடு சமையலறையில் நின்றார்.

“மாரி, கிரைண்டர் போடட்டா? நின்னுறாதே?”

“போடுங்க மதினி. இனிமே பயமில்ல.”

விளக்கு மங்கியது. பெட்டிக்குள் டக் என்று ஒரு சத்தம். விளக்கு மறுபடி பளிச்சென்று எரிந்தது. அவ்வளவு சுத்தமாக நான் செய்த எதுவும் அதுவரை இயங்கியதில்லை.

விழுந்த லைன் தானாக எழாது. பெட்டியில் ஒரு பச்சைப் பட்டன் இருக்கிறது, அதை அழுத்த வேண்டும். நான் கை எட்டும் தூரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். மேலே அண்ணன் டம்ளரால் கட்டில் காலைத் தட்டினான். கிரைண்டர் சத்தத்தில் மதினிக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. செத்த நேரம் தட்டினான். பிறகு தட்டவில்லை. மாவு அரைத்து முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு மதினி மாடியேறும்வரை நான் அங்கேயேதான் இருந்தேன்.

என் வாக்குமூலத்தில் நீங்கள் விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள், சார். வீட்டில் செய்த பெட்டி பழுதானதால் வந்த விபத்து. அண்ணன் சாவுக்குத் துட்டி கேட்க வந்தவர்களும் அதையே பேசினார்கள். “அவன் செஞ்சது என்னைக்கு உருப்பட்டுச்சு?” என்று நூர்பானு அக்கா வாசலில் சொன்னது என் காதில் விழுந்தது. மதினி மறுக்கவில்லை.

இதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். பெட்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள், ஓட்டியே காட்டுகிறேன். விழ வேண்டும் என்று நான் வைத்த லைன்தான் விழுந்தது. பட்டனை அழுத்தக் கூடாது என்று இருந்தேன், அழுத்தவில்லை. எதிலும் கோளாறு இல்லை.

தேர் இழுக்கிறேன் என்றவன்தான் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை.