உச்சியில் கிடைத்த சிக்னல்

2025 ஆகஸ்ட் 12, செவ்வாய், காலை 9.10. தூறல். விஜயநகர் பஸ்ஸில் என்னோடு சேர்த்து இருபத்தோரு பேர். முன் சீட்டில் அக்காவும் தங்கையும்.

"மலை ஏறினா மனசு மாறும்னு அனுப்பினியேக்கா, கால் நகம்தான் விழுந்துச்சு," என்றாள் தங்கை.

"மாப்பிள்ளை தவறின பிறகு கடைக்குக்கூடத் தனியாப் போகாதவ, மூணு நாள் நடந்திருக்கியே."

"உச்சியில சிக்னல் வந்துச்சு. எங்க போனாலும் பண்ற மாதிரி அவருக்கே போன் பண்ணிட்டேன்."

அக்கா திரும்பினாள். "யாராச்சும் எடுத்தாங்களா?"

"அந்த நம்பரை வேற யாருக்கோ குடுத்துட்டாங்க போல. 'யாரு'ன்னு கன்னடத்துல கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"பத்திரமா சேந்துட்டேன்னு சொன்னேன். இனி எந்த மலைக்கு அனுப்பப் போற?"

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. திரும்பி வர ஆட்டோவுக்கு அறுபது ரூபாய்.