பத்தொன்பது கால நீட்டிப்புகள்

முப்பத்தோர் ஆண்டுகள் வேதியியல் ஆய்வகத்தின் பொருளறையைக் காத்து, இன்று மாலை ஐந்து மணிக்குப் பணி நிறைவு பெறும் எங்கள் அக்காவுக்கு, ஆய்வக ஊழியர்கள் அனைவரும் அன்புடன் வாசித்தளிக்கும் மடல்.

அடுக்குகளின் அரசியே! அலமாரிகளின் அச்சாணியே! கையெழுத்தில்லாமல் ஒரு கண்ணாடிக் குச்சிகூடக் கொடுக்காத கண்டிப்பே! முதுகுக்குப் பின்னால் உங்களைக் 'கையெழுத்து அக்கா' என்றோம். முகத்துக்கு நேரே 'அக்கா' என்று மட்டும். இரண்டும் உங்களுக்குத் தெரியும் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

அடைமொழிகள் இன்னும் வேண்டுமாம். "பத்து அடைமொழியாவது இருக்கணும்பா, மடலை மாட்டுற கண்ணாடிச் சட்டத்தைப் பெரிசா வாங்கிட்டோம்" என்றார் அலுவலக எழுத்தர். என்னிடம் மூன்றுதான் இருந்தன. மீதி இடத்தில் நடந்ததை எழுதுகிறேன். ஆய்வகத்துக்கான இணைய மேலாண்மை மென்பொருளை உங்களோடு சேர்ந்து உருவாக்கியவன் என்பதால் இந்த வேலை என்னிடம் வந்தது.

உங்கள் துணிவைக் கட்டாயம் எழுதச் சொன்னார்கள். புகையை வெளியேற்றும் ஆவிபோக்கி பழுதாகி நின்று அறை முழுக்க அமிலப் புகை சூழ்ந்த அன்று, முப்பது மாணவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கடைசியாக வந்தீர்கள். எல்லாரும் இருமிக்கொண்டிருந்தோம். நீங்கள் வாசலில் நின்று, "பாதுகாப்புக் கண்ணாடியைத் திருப்பிக் குடுத்துட்டு இருமுங்க" என்றீர்கள். முப்பதும் வந்து சேர்ந்தன.

மென்பொருளுக்கு முன் பன்னிரண்டு பதிவேடுகள் இருந்தன. எந்தக் குடுவை எந்த அடுக்கில், யார் கையில், எத்தனை நாளாக என்பது அவற்றிலும் இருந்தது, உங்கள் தலையிலும் இருந்தது. தலையில் இருந்ததுதான் எப்போதும் சரியாக இருந்தது. அதைக் கணினிக்குள் கொண்டுவர எனக்கு ஏழு மாதம் ஆனது. முதல் சோதனை நாளில் திரையைப் பார்த்தீர்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தீர்கள்.

"பீக்கர் மைனஸ் மூணுன்னு காட்டுது தம்பி. அதை எந்த அலமாரியில வைக்கிறது?"

அப்போது அங்கே ஆராய்ச்சி மாணவியாக இருந்த என் மனைவி அடுத்த மேசையிலிருந்து, "தலைகீழா கவுத்து வைங்க அக்கா, சரியாயிடும்" என்றாள். நீங்கள் இருவரும் சிரித்து முடிப்பதற்குள் நான் பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன். திரும்பி வந்த பொருளைக் கூட்டுவதற்குப் பதில் கழித்திருந்தேன்.

நாம் உண்மையாகச் சண்டை போட்டது ஒரே ஒரு பொத்தானுக்கு. கெடு தாண்டினால், பொருளை எடுத்தவருக்குத் தினமும் காலையில் நினைவூட்டல் மின்னஞ்சல் போகும். அது போதும் என்றேன். 'கால நீட்டிப்பு' என்று ஒரு பொத்தான் வேண்டும் என்றீர்கள். தேதி என்றால் தேதி என்றேன்.

"கேட்டா குடுத்துடுவாங்க தம்பி. ஆனா கேக்குறதுக்குன்னு ஒரு நேரம் இருக்கு."

பொத்தானை வைத்தேன். காரணம் எழுதாமல் அது வேலை செய்யாது என்று பதிலுக்கு ஒரு கட்டத்தையும் வைத்தேன்.

எங்கள் வீட்டில் பால் அடிக்கடி திரிந்துபோனது. ஃப்ரிட்ஜ் சரியில்லை என்றாள் என் மனைவி. வெளியே வைத்து மறந்துவிடுகிறோம் என்றேன் நான். "அளந்து பாத்துடலாம்" என்று உங்களிடம் கையெழுத்துப் போட்டு ஒரு வெப்பமானியை வாங்கி வந்து, ஃப்ரிட்ஜ் கதவின் உள்தட்டில் நிறுத்தினாள். பொருள் எண் 417. கெடு முப்பது நாள். பதினோராம் நாள் சாலை விபத்தில் இறந்துபோனாள்.

முப்பத்தோராம் நாள் காலை அவள் கைப்பேசிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. 'தாங்கள் பெற்ற பொருளின் கெடு முடிந்துவிட்டது. உடனே ஒப்படைக்கவும்.' நான் எழுதிய வாக்கியம். மறுநாள் வரவேண்டியது வரவில்லை. மென்பொருளில் ஏதோ பழுது என்று நினைத்தேன். சரிபார்க்கவில்லை. வெப்பமானி கதவிலேயே இருந்தது.

பொருளறையை ஒப்படைப்பதற்காகப் போன வாரம் பட்டியல் எடுத்தோம். எல்லாம் உள்ளே, 417 மட்டும் வெளியே. "இதைத் தொலைஞ்சதுன்னு போட்டுடலாமா?" என்று எழுத்தர் கேட்டார். "தொலையல. எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனீர்கள்.

அன்று மாலை அந்தப் பதிவைத் திறந்து பார்த்தேன். பழுது எதுவும் இல்லை. கால நீட்டிப்பு, பத்தொன்பது முறை. முப்பது நாளுக்கு ஒன்று. நீங்கள் விடுப்பில் இருந்தபோதுகூட, வீட்டிலிருந்து. 'சும்மா' என்று யார் எழுதினாலும் படிவத்தைத் திருப்பி அனுப்பும் நீங்கள், காரணக் கட்டத்தில் பத்தொன்பது முறையும் ஒரே வரியை எழுதியிருந்தீர்கள்: 'பயன்பாட்டில் உள்ளது.'

இதை ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை. காலையில் என்னைப் பார்த்தால் "சாப்பிட்டியா தம்பி?" என்று மட்டும் கேட்பீர்கள். "ஆச்சு அக்கா" என்று நானும் பொய் சொல்வேன். அதையும் பதிந்துதான் வைத்திருப்பீர்கள்.

கடைசி நீட்டிப்பு இன்றோடு முடிகிறது. உங்கள் கணக்கும் இன்று ஐந்து மணிக்கு மூடப்படுகிறது. நாளைக் காலை அந்த மின்னஞ்சல் மறுபடி கிளம்பும். புதிதாக வருபவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லவேண்டிய தேவை இல்லை என்று முடிவு செய்தேன்.

இன்று காலை ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து பார்த்தேன். நான்கு டிகிரி. ஃப்ரிட்ஜில் குறை இல்லை. பாலை வெளியே வைத்து மறந்தது நாங்கள்தான். சோதனை முடிந்தது. வெப்பமானி நல்ல நிலையில் இருக்கிறது. பஞ்சில் சுற்றிச் சட்டைப்பையில் கொண்டுவந்திருக்கிறேன். விழா முடிந்ததும் பொருளறைக்கு வாருங்கள் அக்கா. உங்கள் கடைசிப் பதிவாக அதை உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்தை நான் போடுகிறேன்.

அன்பின் உருவே, எங்கள் அக்காவே! நோயின்றி, குறையின்றி நெடுங்காலம் வாழுங்கள். உங்கள் ஆயுளுக்கு ஆண்டுதோறும் கால நீட்டிப்பு கிடைக்கட்டும். காரணம் கேட்டால் நாங்கள் எல்லாரும் கையெழுத்திட்டுத் தருகிறோம்: பயன்பாட்டில் உள்ளது.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடாமல் உங்களிடம் எதையும் வாங்கியிராத
ஆய்வக ஊழியர்கள்