அறை காலி

இல்ல தம்பி, ஹால்ல ஒரு கோளாறும் இல்ல. ஜன்னலைப் பாருங்க, கண்ணாடி எப்படிக் கறுத்துப்போய் வெயிலை உள்ள வாங்குதுன்னு. ரிப்பேர் உள் ரூம்ல. போகலாம், போகலாம், என்ன அவசரம்? டாக்டர்கூட தொட்டுப் பாக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேப்பாரு. உக்காருங்க.

இந்த மிஷினைப் போட்டது நான்தான். என் வீட்டுக்காரிக்கு இஷ்டமே இல்ல. நான் ஆயுசு பூரா வீடு வீடாப் போய் கரண்ட் மீட்டர் பாத்தவன். எவன் வீட்ல லைட் வெட்டியா எரிஞ்சாலும் எனக்கு வயிறு எரியும். உங்க கம்பெனி ஆளு வந்து, சார், கண்ணாடியே வெயில் சூட்டைப் பிடிச்சுக் குழாய் வழியா ரூமுக்கு அனுப்பும், இந்த மலைக் குளிருக்கு இனி கரண்ட் ஹீட்டரே வேண்டாம், தூக்கிப் போடுங்கன்னான். ஆள் இருக்கிற ரூமுக்கு மட்டும்தான் அனுப்புமாம். காலி ரூமோட பங்கையும் ஆள் இருக்கிற ரூமுக்கே திருப்பி விட்டுடுமாம். ஆள் இருக்கிறது அதுக்கு எப்படிய்யா தெரியும்னேன். மனுஷ உடம்புலேருந்து ஒரு வெளிச்சம் வருது சார், நம்ம கண்ணுக்குத் தெரியாது, சுவத்துல ஒரு கண்ணு வைப்போம், அதுக்குத் தெரியும்னான். எனக்கு ஒரே பெருமை. இத்தனை வயசுக்கு என்னைப் பாத்து வெளிச்சம்னு சொன்ன முதல் ஆளு அவன்தான்.

அந்தக் குரல் கேட்டீங்களா, இப்ப நீங்க உக்காந்ததும் இருவர்னு சொல்லுச்சே, அதேதான். யாரும் இல்லைன்னா அறை காலின்னு சொல்லும். போட்ட முதல் வாரமே இவ உள் ரூம்ல கம்பளி போத்திப் படுத்திருக்கா, அறை காலிங்குது. எந்திரிச்சு வந்து, என்னங்க, உயிரோட இருக்கும்போதே என்னைக் காலிங்குது உங்க மிஷினுன்னா. சிரிச்சுட்டேன். அவளும்தான் சிரிச்சா.

உங்க ஆபீசுக்கு போன் போட்டா, கம்பளி மூடினா கண்ணுக்குத் தெரியாது சார், எடுத்துடச் சொல்லுங்கன்னு ஒரு பொண்ணு பேசுது. நல்ல கதை. குளிருதேன்னு போத்தினா சூடு வராது, சூடு வரணும்னா போத்தக் கூடாது. இவ அதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சா. அப்பப்ப ஒரு கையை மட்டும் வெளிய நீட்டி, டாட்டா காட்டுற மாதிரி ஆட்டுவா. உடனே ஒருவர்னு சொல்லும். நான் இங்க பேப்பர் படிச்சுக்கிட்டே, சரி, முழிச்சுட்டான்னு நினைச்சுக்குவேன்.

பழைய ஹீட்டரா? இருக்கு, பரண் மேல. எடுத்துக் குடுங்கன்னு கெஞ்சத்தான் செஞ்சா. குடுத்தா நாள் பூரா ஓட்டுவா. மிஷினையும் அவ நிறுத்திடக் கூடாதுன்னு பூட்டு நம்பரை நான் சொல்லவே இல்ல. நல்லதுக்குத்தானே தம்பி?

வியாழக்கிழமை அவளுக்குக் காய்ச்சல். ஒரு கம்பளி பத்தலைன்னா, நானே இன்னொண்ணு எடுத்துத் தலையோட போத்தி விட்டுட்டு இங்க வந்து உக்காந்தேன். அன்னிக்கு இந்த ஹால்ல இருந்த கதகதப்பு இருக்கே, என்னிக்கும் அப்படி இருந்ததில்ல. ஸ்வெட்டரைக் கழட்டிட்டு, இந்த நாற்காலியிலயே கண்ணசந்துட்டேன். நல்ல தூக்கம். முழிச்சுப் பாத்தா கண்ணாடி வெளுத்திருக்கு, வெயில் போயிடுச்சு. நடுவுல அவ கையை ஆட்டினாளா, அது ஒருவர்னு சொல்லுச்சா, எனக்குத் தெரியாது.

அதுலேருந்துதான் இந்தக் கோளாறு. கம்பளி ரெண்டையும் எடுத்துட்டேன். அப்பவும் அந்தக் கண்ணுக்குத் தெரியலை. அவ கையை நானே வெளிய எடுத்து வச்சேன், பிடிச்சு ஆட்டிக்கூடப் பாத்தேன். நான் வெளிய வந்ததும் பிடிவாதமா அறை காலின்னே சொல்லுது. ரூம் ஐஸாக் கிடக்கு. பொண்ணு ஊர்லேருந்து தினம் போன் பண்றா, அம்மா தூங்குறான்னு சொல்லி வச்சிருக்கேன். காய்ச்சக்காரி, தூங்கட்டுமே.

வாடையா? எனக்கு ஒண்ணும் தெரியலையே. ஜன்னலைத் திறக்கலாம்தான், திறந்தா கேரண்டி போயிடும்னு உங்க ஆளுதானே சொன்னான்.

பையை எதுக்குத் தோள்ல மாட்டுறீங்க? உள்ளதானே வேலை. வாங்க. மெதுவா வாங்க, முழிச்சுக்கப் போறா. நான் உள்ள போனா ஒருவர்னு சொல்லுது தம்பி. இருவர்னுல்ல சொல்லணும்? இப்ப நீங்களும் வந்தா மூவர்னு சொல்லணும். சொல்லாது, பாருங்க. இருவர்னுதான் சொல்லும். அதைத்தான் நீங்க சரி பண்ணிக் குடுக்கணும்.