நைட் கார்டு

“சாப்பிட்டு கை கழுவுன உடனே அதை வாயில மாட்டிக்கிட்டா, நான் உங்ககிட்ட எப்பதான் பேசுறது?”

விவேக் நகரில் ஏறிய பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். புருஷனின் மடியில் சின்னதாய் ஒரு நீல டப்பா.

“தூக்கத்துல பல்லைக் கடிக்கிறேன்னு டாக்டர்தானே அளவெடுத்து, பல்லுக்கு உறை மாதிரி இந்த நைட் கார்டு செஞ்சு கொடுத்தாரு? போடலன்னா பல்லு தேஞ்சிடும்.”

“படுக்கும்போது போடச் சொன்னாரு. நான் பேச வரும்போது இல்ல.”

“மெதுவா பேசு. பஸ்ஸு இது.”

“வீட்ல பேச விடல, பஸ்ல பேசுறேன். புதுசையே கடிச்சு ஓட்டை போட்டுட்டீங்க. என்ன டென்ஷன்னு டாக்டர் கேட்டா என்ன சொல்வீங்க?”

“ஆபீஸ்ல வேலை ஜாஸ்தின்னு சொல்றேன்.”

“எந்த ஆபீஸு? நேத்து போன் பண்ணேன். உங்களைப் போன மாசமே அனுப்பிட்டாங்களாம். டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு தினமும் எங்க போறீங்க?”

அவர் டப்பாவைத் திறந்தார். பட்டப்பகலில், அத்தனை பேர் நடுவில், கண்ணாடி மாதிரியிருந்த அந்த உறையை எடுத்து மேல்பல்லில் அழுத்தி மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

கண்டக்டர் வந்து, எங்கே போகணும் என்று கன்னடத்தில் கேட்டார். “எல்லிகே சார்?”

எச்சிலோடு அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மறுகையில் இரண்டு விரலைக் காட்டி, “அல்சூர், எரடு” என்றார்.

திரும்ப அதை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் அவள் பிடுங்கித் தன் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

“கண்டக்டருக்குப் பதில் சொல்ல முடியுது இல்ல? எனக்கும் சொல்லுங்க.”